கப்பல்களுக்கிடையே ஒரு பகல்

சீனன்குடாவை விமானத்தளத்தின் பெயராகவோ புகையிரத நிலையத்தின் பெயராகவோ அறிந்தவர் பலர். நீரின் மேலிருந்து அதனைக் கண்டவர் சிலரே. சென்ற சித்திரை விடுமுறையில், பத்து வயது மருமகனையும் அழைத்துக்கொண்டு, மூதூர்க்காரர் ஒருவரின் இயந்திரப் படகில் திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிவரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. எழுபதை எட்டிய அவரை யாவரும் காக்கா என்றே அழைப்பர்.

மாவாலைத் துறையிலே கோதுமைக் கப்பலொன்று நின்றது. 1980 முதல் இயங்கும் பிரிமா ஆலை அது. எங்கள் காலையுணவுப் பாணின் பிறப்பிடத்தை மருமகனுக்குக் காட்டினேன். அவனோ கப்பலின் உயரத்தை அண்ணாந்து பார்த்து வாயடைத்திருந்தான். அப்பால் மரச்செறிவுக்குள் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்க் குதங்கள். 99 இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீச வந்தது இத்துறைமுகத்துக்கே.

வாயிலை அணுகியபோது காக்கா இயந்திரத்தைத் தணித்தார். வாயில் ஏறக்குறைய 500 மீற்றர் அகலமுடையது. எங்களுக்குத் தாராளமாக இடமிருந்தது. ஆயினும் ஓரமாக ஒதுங்கிக் காத்திருந்தார். இழுவைப் படகு துணைவர, எண்ணெய்க் கப்பலொன்று உள்ளே வந்துகொண்டிருந்தது.

“அவங்க நம்மளப் பார்ப்பாங்கதானே?” என்றான் பையன்.

“கப்பல் நமக்குத் தெரியுது எண்டு, கப்பலுக்கு நாம தெரியும் எண்டு நினைக்கப்படாது மகன்.”

அது வெறும் பழமொழியன்று. பெருங்கப்பலின் முகப்புக்கு அண்மையிலுள்ள நீர்ப்பரப்பு, உயரத்தே நின்று அதனைச் செலுத்துவோர் கண்ணுக்குப் புலப்படாது. கண்டாலும் பாரமேறிய கப்பலைச் சட்டென நிறுத்த இயலாது. கப்பல் கடந்ததும் எழுந்த அலையைக் காக்கா பக்கவாட்டில் வாங்கவில்லை. படகின் முகத்தைத் திருப்பி நேரே ஏறினார். மருமகன் புழுக்கமென்று உயிர்காப்பு அங்கியைக் கழற்ற முயன்றபோது மட்டும் அவர் குரல் கடுத்தது.

கொட்டியாரக் குடாவில் காற்று மாறியது. மூதூருக்கு லோஞ்சு ஓடிய காலத்தை அவர் அங்கேதான் சொல்லத் தொடங்கினார். நோயாளியும் மணப்பெண்ணும் அரிசி மூட்டையும் ஒரே லோஞ்சில் வந்த காலம் அது. தரைவழியே செல்வோர் துறைதோறும் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். 2009 இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. பிழைப்புப் போயிற்றே என்று வருந்துவாரென எதிர்பார்த்தேன். “பாலம் நல்லது தம்பி,” என்றார்.

சற்றுப் பொறுத்து, “குறிஞ்சாக்கேணி?” என்றேன். அவர் பேசவில்லை. அங்கே 2021 நவம்பர் 23 இல், பாலவேலை நடந்துகொண்டிருக்கையில், மக்களை ஏற்றிச் சென்ற பாதை கவிழ்ந்து பள்ளிச் சிறார் மாண்டனர். எண்ணெய்க்கும் கோதுமைக்கும் வழிகாட்டியும் இழுவைப் படகும் உண்டு. ஏட்டுச் சுமையோடு நீரைக் கடக்கும் பிள்ளைக்கு ஓர் அங்கிகூட இல்லையெனில், அதை வறுமையென்று மட்டும் கொள்ள என் மனம் இடந்தரவில்லை.

மூதூரில் எருமைத் தயிர் இரண்டு சட்டி வாங்கினோம். திரும்பும் வழியில் கப்பலலை வருமென்று சொல்லி, காக்கா அவற்றைச் சாக்கினாற் சுற்றிப் படகின் நடுவே கட்டினார். மருமகன் அங்கியின் வாரை இறுக்கிக்கொண்டு சட்டிகளுக்கருகே அமர்ந்தான்.