சைவ வான்கோழியும் தொப்பி போட்ட கொட்டைப்பாக்கும்

எடிசன், நியூ ஜெர்சி
நவம்பர் முதல் வாரம்

அடியே பட்டாணி,

உன் குரல்பதிவை ரயிலில் கேட்டுத் தொலைத்தேன். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். “அது என்னடி, கொட்டைப்பாக்குக்குத் தொப்பி போட்ட மாதிரி ஒண்ணு, அதைப் போய் குழந்தைங்க வாயில போட்டு மெல்லுதுங்க?” என்று கேட்டாயே, அது ஓக் மரத்துக் கொட்டையடி. ஏகார்ன் என்பார்கள். நான் அனுப்பிய படத்தில் நீ பார்த்தது அசல் இல்லை, பிஸ்கட்டும் சாக்லேட்டும் ஒட்டிச் செய்த போலி. ஆனால் அசலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு வம்பு இருக்கிறது.

சிவப்பு ஓக் 1950இலிருந்து இந்த நியூ ஜெர்சியின் மாநில மரம். எங்கள் தெருவில் அது இல்லாத வாசலே இல்லை. செப்டம்பர் பாதியானால் கார் கூரைமேல் டொக் டொக்கென்று கொட்டை விழ ஆரம்பிக்கும். அணில்கள் பொறுக்கியதுபோக மிச்சம் பிள்ளைகளுக்கு. பாக்கெட் பாக்கெட்டாக வீட்டுக்கு வந்து, துணி துவைக்கும் இயந்திரத்தில் கடகடவென்று உருளும். எதிர்வீட்டுக்காரி (அதான், நவராத்திரிக்குக் கூப்பிட்டால் வாசலிலேயே வீட்டு விலை விசாரிப்பாளே, அவள்தான்) ஏதோ பத்திரிகைப் படத்தைப் பார்த்துவிட்டு அழகான கண்ணாடிக் கிண்ணத்தில் இந்தக் கொட்டைகளை நிரப்பிச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்தாள். ஊரிலிருந்து மாமியார் வந்திருந்த சமயம். காலைக் காபி குடித்துக்கொண்டே அந்த அம்மா பார்க்கிறார், மேஜைமேல் குண்டுகுண்டாக வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன!

ஒரு வகை வண்டு மரத்தில் இருக்கும்போதே கொட்டைக்குள் முட்டையிட்டுவிடுமாம். புழு உள்ளே பருப்பைத் தின்று வளர்ந்து, கொட்டை கீழே விழுந்ததும் துளை போட்டு வெளியே வந்து மண்ணுக்குள் இறங்கும். பாவம், மண்ணைத் தேடி வந்தது மாமியார் காபிக்கு முன்னால் வந்து நின்றது. “இதுக்குத்தான் எதிலயும் ரெண்டு வேப்பிலை போட்டு வைக்கச் சொல்றது” என்றாராம் அந்த அம்மா. அத்தோடு கிண்ணம் பரணுக்குப் போய்விட்டது.

பிள்ளைகளுக்கு எதைப் பார்த்தாலும் தின்னலாமா என்ற கேள்விதானே முதலில். அப்படியே தின்றால் ஓக் கொட்டை துவர்ப்பும் கசப்புமாக நாக்கைச் சுருட்டும், அத்தனை டானின். இங்கத்திய பழங்குடிகள் அதை இடித்து மாவாக்கி, கசப்புப் போகும்வரை தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி உணவாக்கினார்கள். என் சமையலறையில் அவ்வளவு பொறுமை ஏது? அதனால்தான் போலிக் கொட்டை. ஹெர்ஷே கம்பெனி 1907இலிருந்து விற்கிற கிஸ்ஸஸ் சாக்லேட் தெரியுமா, வெள்ளித்தாள் சுற்றி, அடி அகலமாய், நுனி கூராக இருக்குமே, அதுதான் கொட்டையின் உடம்பு. காசளவு சின்ன வட்ட பிஸ்கட் தொப்பி. தொப்பிக்கு மேலே காம்பாக ஒரு சாக்லேட் சிப். எல்லாவற்றையும் ஒட்ட, உருக்கிய சாக்லேட் கொஞ்சம். இவ்வளவுதான்.

இதில் எங்கள் சின்னவளின் வேலை வெள்ளித்தாளைப் பிரிப்பது மட்டும். நாலு வயசு விரலுக்கு அதுவே பெரிய உத்தியோகம். நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, மூச்சுப் பிடித்து, ஒவ்வொன்றாகப் பிரிப்பாள். பிரித்ததில் பாதி தட்டுக்கு, பாதி வாய்க்கு. பெரியவன் ஒட்டுவான். கோணலாக ஒட்டினால் இன்னும் அசல் மாதிரி இருக்கும். மரத்தடியில் கிடப்பது எது நேராக இருக்கிறது, சொல்லு.

இந்தக் கோணல் விஷயத்தில்தான் எனக்கும் இங்கிருக்கிற சில மகராசிகளுக்கும் ஒத்துப்போவதில்லை. பெரியவன் வகுப்பில் ஒரு பையனுடைய அம்மா. பெயர் வேண்டாம், உனக்குத் தெரியவும் தெரியாது. விருந்து என்றால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஆந்தை, நரி, வைக்கோல் பொம்மை என்று கேக்கில் செதுக்கிக்கொண்டு வருவாள். பார்க்கக் கண்கொள்ளாது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவள் பையன் கையை நீட்டினால் பொட்டென்று ஒரு தட்டு. படம் எடுத்து முடியட்டுமாம். பிள்ளைகளோடு செய்யும் பண்டத்தில் அம்மாவின் வேலை கால்வாசிக்கு மேல் போனால் அது அம்மாவின் பண்டம்தான், பிள்ளைக்கு அதில் வேலையில்லை என்பது என் கட்சி. மூன்று பாகத்துக்கு மேல் இருக்கக் கூடாது, பத்து நிமிஷத்துக்குள் கைக்கு வர வேண்டும், வந்ததும் தின்ன வேண்டும். குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து மாட்டுகிற காகித இலைகளே போதும் போதுமென்று குவிந்து கிடக்கின்றன. சாப்பிட்டுத் தீர்த்துவிடலாம் என்பதற்காகவே எனக்கு இந்தப் பண்டங்களைப் பிடிக்கும்.

சுலபத்திலும் சுலபம் ஆரஞ்சுப் பூசணி. கிளெமெண்டைன் என்று கையடக்கமாக ஒரு ஆரஞ்சு கிடைக்கும், விதை இருக்காது, தோல் தானாகக் கழன்று வரும். உரித்து, நடுக்குழியில் செலரித் தண்டை ஒரு துண்டு நறுக்கிக் குத்தினால் பூசணிக்காய் தயார். சத்தியமாக அவ்வளவுதான்! ஹாலோவீனுக்கு வந்த வாண்டுகள் மிட்டாய்க் கூடையை விட்டுவிட்டு இதைச் செய்வதற்கு வரிசையில் நின்றார்கள். துடைப்பமும் அப்படித்தான். இழை இழையாக உரிகிற சீஸ் குச்சியைத் துண்டாக்கி, அடிப்பக்கத்தை நார் நாராகக் கிழித்து, மேலே உப்பு பிரெட்சல் குச்சியைச் செருக வேண்டும். சூனியக்காரியின் துடைப்பமாம். என் மாமியார் பார்த்துவிட்டு, “துடைப்பத்தைத் தட்டுல வைக்கிற ஊரு” என்றார். ஒன்று மட்டும் கவனம்: முன்கூட்டியே செருகி வைத்தால் சீஸின் ஈரத்தில் பிரெட்சல் நமுத்துவிடும். பிள்ளைகள் உட்கார்ந்த பிறகுதான் செருக வேண்டும்.

இனி நான் கொஞ்சம் அலுத்துக்கொள்கிற பகுதி. பள்ளிக்கூடத்துக்கு எதையாவது அனுப்ப வேண்டுமென்றால் பாதிப் பொருள் உள்ளே போகாது. பல பள்ளிகளில் வேர்க்கடலைக்கும் கொட்டைப்பருப்பு வகைகளுக்கும் தடை, ஒவ்வாமைப் பயம். கடலை வெண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் சூரியகாந்தி விதை வெண்ணெய். போகட்டும், ஒரு குழந்தையின் மூச்சுதானே பெரிசு. அமெரிக்கச் சட்டப்படி பொட்டலத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் எட்டாக இருந்தன. 2023 ஜனவரி 1 முதல் ஒன்பதாவதாக எள்ளும் சேர்ந்துவிட்டது. ஆக எள்ளுருண்டைக்கும் இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. சின்னக் குழந்தைகள் இருந்தால் முழுத் திராட்சையும் ஆகாது, தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நாலாகக் கீறித்தான் தர வேண்டும். பாப்கார்னும் நாலு வயசுக்குக் கீழே கூடாது. இதை நீ அங்கேயும் மனசில் வைத்துக்கொள், உன் தங்கை மகன் எதையும் மெல்லாமல் விழுங்குகிற ரகம்.

நமக்கென்று தனியாக இன்னொரு தலைவலி, ஜெலட்டின். வெள்ளை, ஆரஞ்சு, மஞ்சள் என்று மூணு பட்டையாகக் கேண்டி கார்ன் என்றொரு மிட்டாய். 1880களிலிருந்து இருக்கிறது, ஒரு காலத்தில் கோழித்தீனி என்ற பெயரிலேயே விற்றார்களாம். நவம்பரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு ஓரியோ பிஸ்கட்டுக்கு நடுவில் இதை விசிறியாகச் செருகி வான்கோழி வால் பண்ணுவார்கள். மேல் வீட்டு மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தார். ஜெலட்டின், அதுபோக மெருகுக்கு அரக்கு. “மாட்டெலும்பு, மேல பூச்சிப் பிசினாடீ?” என்று கேட்டவர், அதுவரை எத்தனை தின்றோமென்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். வெளியில் சொல்லாதே.

அதனால்தான் எங்கள் வீட்டில் சைவ வான்கோழி. நவம்பர் நாலாவது வியாழன் நன்றி நவிலல் நாள். ஊரெல்லாம் அடுப்பில் வான்கோழி வேகும்போது நாங்கள் தட்டில் ஒன்று பண்ணுவோம். பாதிப் பேரிக்காயைக் கவிழ்த்து வைத்தால் உடம்பு. சுற்றிலும் சிவப்பு, பச்சை, மஞ்சள் ஆப்பிள்களைத் தோலோடு மெல்லிசாக அரிந்து விசிறியாக அடுக்கினால் தோகை. உலர்திராட்சை கண், கேரட் சீவல் மூக்கு. பல்குச்சி எதுவும் குத்த வேண்டாம். ஆப்பிள் துண்டுகளை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் முக்கி எடுத்தால் கறுக்காது. அப்படியே ஒரு ஆப்பிளைக் காம்புக்குக் குறுக்காக வெட்டிக் காட்டு, நடுவில் ஐந்து முனை நட்சத்திரம் இருக்கும். எத்தனை வருஷமாகக் கத்தியை ஒரே பக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோமடி!

பொரி உருண்டை விஷயத்தில் உன் அம்மா கோபித்துக்கொள்ளக்கூடும், மெதுவாகச் சொல். இங்கே ரைஸ் கிரிஸ்பீஸ் என்ற அரிசிப்பொரியில் மார்ஷ்மெல்லோவை உருக்கிக் கலந்து கட்டி பண்ணுவார்கள். கெல்லாக் கம்பெனிச் சமையற்கூடத்தில் 1939இல் பிறந்த பண்டம். ஆறு கப் பொரி, மூணு மேஜைக்கரண்டி வெண்ணெய், 283 கிராம் மார்ஷ்மெல்லோ. ஆரஞ்சு நிறம் ஒரு சொட்டு விட்டு உருட்டி, பிரெட்சல் காம்பு வைத்தால் பூசணி. நம் கார்த்திகைப் பொரி உருண்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை. ருசியில் வெல்லப்பாகின் கிட்டவே வர முடியாது. ஆனால் பாகு உருண்டையைச் சூட்டோடு பிடிக்க வேண்டும், பிள்ளையின் உள்ளங்கை கொப்பளித்துவிடும். மார்ஷ்மெல்லோ ஐந்து நிமிஷம் ஆறினாலும் வளையும், கையில் வெண்ணெய் தடவினால் ஒட்டாது. பிள்ளைகளோடு செய்வதென்றால் இதுதான் என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ஜெலட்டின் இல்லாத மார்ஷ்மெல்லோ தேடினால் கிடைக்கிறது, விலைதான் கன்னாபின்னா.

எனக்கு உயிர் எதில் தெரியுமா? சப்பாத்தி இலை. முதல் நாள் மிஞ்சிய சப்பாத்தி. அச்சு எல்லாம் அதில் இறங்காது, சவசவவென்று இழுக்கும். சமையல் கத்தரிக்கோலைக் கொடுத்துவிடு. அவர்கள் வெட்டுவது மேப்பிளா ஓக்கா என்று யாரும் கேட்கக் கூடாது. ஒரு கரண்டிப் பாலில் சிட்டிகை மஞ்சள்தூள், இன்னொன்றில் பீட்ரூட் சாறு, ஆளுக்கொரு புதுத் தூரிகை. வரைந்து முடித்ததும் நெய் தொட்டு, பட்டைத்தூள் கலந்த சர்க்கரை தூவி, 175 டிகிரி செல்சியஸில் எட்டு பத்து நிமிஷம் வைத்தால் மொறுமொறுவென்று வரும். பீட்ரூட் சிவப்பு சூட்டில் பழுப்பாகிவிடும் என்று நான் வருத்தப்பட்டேன். பெரியவன், “வெளியில கிடக்குறதும் அந்தக் கலர்தாம்மா” என்றான்.

மஞ்சளை முதலில் பூசுவதா, சிவப்பையா என்று ஒரு நாள் அவர்களுக்குள் சண்டை. அதற்குப் பஞ்சாயத்து பண்ணப் போய்த்தான் எனக்கே விஷயம் தெளிவானது. இலையில் மஞ்சள் புதிதாக வருவதில்லை. கோடை முழுக்க உள்ளேதான் இருக்கிறது, பச்சையம் மூடி மறைத்திருக்கிறது. பகல் குறைந்து பச்சையம் அழிய அழிய மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு வேறு கதை. இலையில் தங்கிப்போன சர்க்கரையைக் கொண்டு கடைசி நேரத்தில் மரம் புதிதாகச் செய்துகொள்வது அது. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத குளிர் என்று வாய்த்த வருஷம் சிவப்பு கொளுத்தும். ஆக மஞ்சள் முதலில், சிவப்பு மேலே என்று தீர்ப்பாயிற்று. சின்னவளுக்கு இலைக்குள் சர்க்கரை இருக்கிறது என்பது மட்டும் காதில் ஏறியது. மறுநாள் பூங்காவில் ஒரு சிவப்பு இலையை நக்கிப் பார்த்துவிட்டு என்னை முறைத்தாள்.

இத்தனையும் கொலுவோடு சேர்ந்து வருவது இன்னொரு கூத்து. வாசலில் பூசணிக்காய் பல்லை இளிக்கும், உள்ளே தசாவதாரம். ஒரு நாள் சுண்டல் கொடுத்த தாம்பாளத்தின் ஓரத்தில் பிள்ளைகள் தங்கள் ஓக் கொட்டைகளையும் வைத்துவிட்டார்கள். வெற்றிலை பாக்கு வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் சுண்டலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, கொட்டையை மட்டும் அங்கேயே நின்று தின்றார்கள். அந்தக் கேக் மகராசியும் வந்திருந்தாள். “ஹவ் க்யூட்” என்று ஒன்றை எடுத்தவள் தொப்பியை நிமிர்த்திச் சரிபண்ணிவிட்டுத்தான் வாயில் போட்டாள். நான் எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு முதல் நாங்கள் இருவரும் நல்ல சிநேகம், வீட்டு விலையைக்கூட மன்னித்துவிட்டேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் காலனிப் பிள்ளைகளுக்கு நவம்பர் 14, குழந்தைகள் தினத்துக்கு இந்தப் பண்டங்களைச் செய்யலாமா என்றாயே, மேப்பிள் இலையும் ஓக் கொட்டையும் அங்கே வேண்டாமடி. ஐப்பசி மழையில் தெருவெல்லாம் பச்சைப்பசேலென்று நிற்கும்போது எந்தப் பிள்ளைக்கு இலையுதிர்காலம் புரியும்? அன்றைக்கு ஆரஞ்சுப் பூசணியையும் ஆப்பிள் தோகையையும் வைத்துக்கொள், தோகையை மயிலுடையது என்று சொல்லிவிடு. சப்பாத்தி இலையைத் தள்ளிப்போடு. உங்கள் தெருமுனையில் நாட்டு வாதுமை நிற்கிறதே, பொங்கலை ஒட்டி அது இலையெல்லாம் செக்கச்செவேலென்று சிவந்து கொட்டுமல்லவா, அப்போது பிள்ளைகளை அதன் அடிக்கே கூட்டிப்போய்ப் பொறுக்கச் சொல், பிறகு கத்தரிக்கோலைக் கொடு. அந்த இலை பெரிசு. சப்பாத்தியும் கொஞ்சம் பெரிதாகவே இடு, ஒன்றுக்கு ஒரு இலைதான் வெட்ட வரும்.

உன் நாத்தனார் கல்யாண விஷயத்தை அரைகுறையாகச் சொல்லி நிறுத்திவிட்டாய். முழுசாக எழுது. மேல் வீட்டு மாமியின் மருமகள் கதை என்னிடமும் இருக்கிறது, நீ எழுதினால்தான் அது வரும்.

உன்,
வாயாடி