பிடியரிசி எடுத்து வைத்த கைகளுக்கு

அன்புள்ள தாய்மார்களுக்கு,



உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தீர்களே, அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்களில் பலர் இப்போது இல்லை. இருப்பவர்களும் எண்பதைக் கடந்திருப்பீர்கள். கொடுத்தவர் பெயர் எழுதும் எந்தப் பலகையிலும் உங்கள் பெயர் ஏறவில்லை. யார் வீட்டில் எத்தனை பிடி எடுத்தார்கள் என்று எவரும் கணக்கு வைக்கவில்லை. ஆளுக்கொரு கடிதம் எழுத வழியில்லாததால், ஊரறிய ஒரே மடலாக எழுதுகிறேன்.

தஞ்சைப் பக்கம் ஒரு சிற்றூரில், 1960களின் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான். மத்தியானம் மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் உட்காருவோம். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் அது. முழுக்க முழுக்க அரசாங்கம் போட்ட சோறு என்றே இன்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் தொடக்கத்தில் பல பள்ளிகளில் ஊர் மக்களின் கொடையைக் கொண்டுதான் அடுப்பு மூண்டது. பிறகு செலவில் பெரும்பங்கை அரசு ஏற்றது. மீதி ஊரின் பொறுப்பாகவே இருந்தது. கல்வித் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களிடம் பேசினார். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மக்கள் பலகையும் நாற்காலியும் சீருடையும் கொடுத்தார்கள். அரிசியும் காயும் விறகும் கொடுத்தார்கள்.

எங்கள் ஊரின் பங்கு உங்கள் கலயத்திலிருந்து வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய வகுப்புப் பையன்கள் சாக்கைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக வருவார்கள். நீங்கள் அடுப்படி மூலையிலிருந்து கலயத்தை எடுத்து வந்து, சாக்கின் வாயில் கவிழ்ப்பீர்கள். சில வீட்டில் புழுங்கல், சில வீட்டில் பச்சை. ஒரு வீட்டில் புது அரிசி, அடுத்த வீட்டில் பழையது. ஒன்றுமில்லாத வீட்டில் குருணை. எல்லாம் ஒரே சாக்கில் விழும். வேகும்போது ஒன்று குழையும், ஒன்று விதையாக நிற்கும். சமைக்கிற ஆயா அதற்காகச் சலித்துக்கொள்வார். அந்தச் சோற்றில் எந்தத் தெருவின் அரிசி எது என்று எவராலும் பிரிக்க முடியாது. தெருவுக்குத் தெரு கோடு கிழித்து வாழ்ந்த காலத்தில் நாங்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டது அந்தச் சோறு. எனக்கு அது ஒரு பாடமாக அமைந்தது. முதல் நன்றி அதற்கு.

அந்த அரிசி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. மூட்டையிலோ பத்தாயத்திலோ கைவிட்டு அள்ளியிருப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். கல்லூரி விடுமுறையில் வந்திருந்தபோது அப்பாயி அரிசி எடுத்து வைப்பதைப் பார்த்தேன். அன்றைக்கு உலைக்கு வேண்டியதைப் படியால் அளந்து முறத்தில் கொட்டினார். புடைத்து, கல் பொறுக்கினார். களைவதற்கு முன், அளந்த அரிசியிலிருந்தே ஒரு கை அள்ளிக் கலயத்தில் போட்டார். “பத்தாயத்துலேருந்து எடுத்தா என்ன அப்பாயி? இதுல கொறையுதுல்ல?” என்று கேட்டேன்.

“பத்தாயம் ஒங்க தாத்தாவுதுடா. அளந்து முறத்துல கொட்டுனது என்னுது. இதுல ஒரு கை அள்ள நான் யாரையும் கேக்க வேண்டியதில்ல.”

அந்த ஒரு பேச்சில் உங்கள் எல்லோருடைய வாழ்க்கையும் எனக்குப் புரிந்தது. நிலம் உங்கள் பெயரில் இல்லை. நெல் விற்ற பணம் உங்கள் கைக்கு வரவில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989-இல்தான். தானம் என்று எழுதிக் கொடுக்க உங்களிடம் ஒரு குழி நிலமும் கிடையாது. உங்கள் அதிகாரம் செல்லுபடியான இடம் ஒரு முறத்தின் அகலம். அந்த முறத்திலிருந்து நீங்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சோறு போட்டீர்கள்.

அளந்த அரிசியில் ஒரு பிடி குறைந்தால் அந்தக் குறை யார் தட்டில் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். ஆண்களும் பிள்ளைகளும் உண்ட பிறகு, பானையின் அடியை வழித்து, நீராகாரம் சேர்த்துக் கடைசியில் உண்டவர்கள் நீங்கள். எங்கள் தட்டுக்கு வந்த ஒரு பிடி, உங்கள் வயிற்றிலிருந்து வந்தது. அறுபதுகளின் நடுவில் ஊரெல்லாம் அரிசித் தட்டுப்பாடு. தை அறுப்புக்கு முந்தைய மழை மாதங்களில், சொந்த வயல் இல்லாத வீடுகளில் அடுப்பு மூட்டுவதே சிரமம். அப்போதும் கலயத்தைக் கவிழ்த்து வைத்துவிடவில்லை நீங்கள். பிடி சிறுத்தது, நிற்கவில்லை. இரண்டாவது நன்றி அதற்கு.

ஒரு கை அரிசி ஏறத்தாழ 40 கிராம் இருக்கும். ஒரு வீட்டுக்கு அது மாதம் ஒன்றே கால் கிலோகூட வராது. 250 வீடுகள் எடுத்து வைத்தால் நாளொன்றுக்கு 10 கிலோ. ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று வைத்தால் 100 பேருக்கு ஒருவேளைச் சோறு. எந்த வீட்டையும் ஏழையாக்காமல் ஓர் ஊர் தன் பிள்ளைகளுக்குத் தினமும் சோறு போட முடியும் என்பதை, கணக்குப் படிக்காத நீங்கள் செய்து காட்டினீர்கள்.

நீங்கள் தனியாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி கையில் கிடைத்த பிறகும், மணிமேகலை அதை ஏந்திக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் போய் நின்றாள். ஆதிரை என்ற இல்லத்தரசி முதல் பிச்சை இட்ட பிறகே அந்தப் பாத்திரம் ஊரின் பசியைத் தீர்த்தது. வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று தருமச்சாலையில் அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்றால், மூட்டைகளோடு வந்த செல்வர்களோடு கூடவே, முந்தானையில் முடிந்த அரிசியோடு வந்த எளியவர்களும் அதற்குக் காரணம். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதி வீட்டுக்கு ஒரு பிடி அரிசியும் ஒரு காசும் தினமும் எடுத்து வைக்கச் சொன்னார். அந்தந்தப் பகுதிக் கோயிலிலேயே அதைச் சமைத்து, அந்தப் பகுதி ஏழைகளுக்கே கொடுப்பது அவர் வகுத்த முறை. யாழ்ப்பாணத்தில் சைவப் பள்ளிக்கூடங்களுக்காகவும் பிடியரிசி திரட்டினார்கள். வினோபா பாவே வீட்டுக்கொரு சர்வோதயப் பாத்திரம் வைக்கச் சொன்னபோது, வீட்டுச் சிறுபிள்ளையின் கையால் தானியம் போடச் சொன்னார். பிள்ளையின் பிடியில் எவ்வளவு தானியம் இருக்கும்? கொடுக்கும் கை சின்ன வயதிலேயே பழக வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

மிசோரமில் இந்தப் பழக்கம் இன்றும் வலுவாக இருக்கிறது. 1910 முதல் அங்குள்ள கிறித்தவப் பெண்கள், ஒவ்வொரு வேளை உலைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பாத்திரத்தில் போடுகிறார்கள். திருச்சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய் அதைத் திரட்டி விற்று, திருச்சபைப் பணிகளுக்குக் கொடுக்கிறார்கள். உங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. அவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு எந்த ஊரிலும் ஒரே வழிதான் தோன்றியிருக்கிறது.

தினமும் எதற்கு, மொத்தமாக ஒருநாள் கொடுத்தால் ஆகாதா என்ற கேள்வி எனக்கும் இருந்தது. அதற்கான பதில் தைவானிலிருந்து கிடைத்தது. 1966-இல் ஹுவாலியன் என்ற ஊரில் செங் யென் என்ற பௌத்தத் துறவி, 30 இல்லத்தரசிகளிடம் ஆளுக்கொரு மூங்கில் உண்டியலைக் கொடுத்து, தினமும் சந்தைக்குப் போகும் முன் 50 சென்ட் போடச் சொன்னார். மாதம் ஒருமுறை 15 தைவான் டாலராகக் கொடுத்துவிடலாமே என்று கேட்டார்கள். அவர் ஒப்பவில்லை. மாதம் ஒருமுறை கொடுத்தால் அந்த எண்ணம் மாதம் ஒருமுறைதான் வரும். தினமும் போட்டால் தினமும் வரும் என்பது அவர் வாதம். அந்த மூங்கில் உண்டியல்களில் தொடங்கிய த்சு சி அறக்கட்டளை இன்று பல நாடுகளில் நிவாரணப் பணி செய்கிறது.

நீங்கள் அதைத்தான் செய்தீர்கள். நாள் தவறாமல், உங்கள் பசிக்கு அளந்து முடித்த கையோடு இன்னொருவர் பசியை நினைத்தீர்கள். பொங்கிய பிறகு மிஞ்சியதைக் கொடுப்பதும் நல்லதுதான். ஆனால் மிஞ்சினால்தான் அது நடக்கும். உங்கள் பிடி உலைக்கு முன்னால் எடுக்கப்பட்டது. மிஞ்சுமா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. வாங்குகிறவன் எச்சில் வாங்குகிறோம் என்று கூசவும் வேண்டியிருக்கவில்லை. அரிசியைத் தந்த கை எது என்று தெரியாததால் நாங்கள் எவர் முன்னும் தலை குனியவும் இல்லை. கொடுத்ததோடு, வாங்கியவரின் மானத்தையும் காத்தீர்கள். மூன்றாவது நன்றி அதற்கு. என் வரையில் அதுதான் பெரிய நன்றி.

இனி, இதைப் படிக்கும் இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிப் பிள்ளைகளின் பசியை இன்று அரசு பெரும்பாலும் பார்த்துக்கொள்கிறது. எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவைக் கொண்டுவந்தார். 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்துவிட்டது. அப்படியானால் பிடியரிசிக்கு இனி வேலை இல்லையா? ஒருநாள் காலையில் ஏதாவதொரு பெரிய அரசு மருத்துவமனை வாசலுக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே நோயாளிக்குச் சாப்பாடு உண்டு. துணைக்கு வந்த மனைவியும் அம்மாவும் வெளியே மரத்தடியில் பாய் விரித்துக் கிடப்பார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த காசு மருந்துக்கும் பேருந்துக்குமே சரியாக இருக்கும். உங்கள் தெருவிலேயே பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனக்கு மட்டும் பொங்க மனமில்லாமல் பன்னைத் தேநீரில் தோய்த்துத் தின்று படுத்துவிடும் முதியவர் இருக்கக்கூடும். வடநாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர், வேலை இல்லாத நாளில் என்ன உண்கிறார் என்று நமக்குத் தெரியாது.

இப்போது பத்தாயமும் இல்லை, முறமும் இல்லை. 25 கிலோ சிப்பம் வீட்டு வாசலுக்கு வருகிறது. ஆழாக்கால் அளந்து குக்கரில் போடுகிறோம். கை மட்டும் அதே கைதான். அடுப்பு மேடையில் ஒரு சம்படம் வையுங்கள். குக்கரில் போடும் முன் ஒரு பிடி எடுத்துப் போடுங்கள். வீட்டில் சிறுபிள்ளை இருந்தால் அதன் கையால் போடச் சொல்லுங்கள். சமைப்பது ஆணென்றால் ஆண் போடட்டும். இந்த வேலை பெண்ணின் தலையில் மட்டும் விழ வேண்டியதில்லை. மாதக் கடைசியில் பக்கத்தில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கோ, மருத்துவமனை வாசலில் கஞ்சி ஊற்றும் அன்பர்களுக்கோ, வடலூர் வழியில் நடக்கும் அன்னதான நிலையத்துக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள்.

அரிசியோடு நிற்கவும் வேண்டாம். அக்னி நட்சத்திர வெயிலில் வாசலில் ஒரு பானைத் தண்ணீர் வைக்கலாம். கீரைக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசாமல் வாங்கலாம். பொருள் கொண்டுவரும் பையனிடம் “தண்ணி குடிக்கிறியாப்பா?” என்று கேட்கலாம். படிக்கத் தெரியாத ஒருவருக்கு வங்கியில் படிவம் நிரப்பித் தரலாம். இவற்றில் எதற்கும் செல்வம் வேண்டாம், நல்ல நாள் பார்க்க வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். தினமும் செய்தால் போதும்.

என்னைப் போலப் பல்லாயிரம் பிள்ளைகள் பிறர் வீட்டு அரிசியில் பசியாறிப் படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தி, இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கிறோம். அந்தக் கடனை உங்களிடமே திருப்பித் தர முடியாது தாய்மார்களே. அடுத்தவருக்குக் கொடுத்துத்தான் தீர்க்க முடியும். எங்கள் தலைமுறை அதைத் தொடங்கட்டும். இதைப் படிப்பவர்கள் இன்றைய உலையிலிருந்தே தொடங்குங்கள்.


உங்கள் அரிசியில் பசியாறிப் படித்தவன்