மாஷிகோவின் குயவர்

டோக்கியோவுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் மாஷிகோ என்னும் சிற்றூர் வருகிறது. 1853-ம் வருஷத்தில் இங்கே மட்பாண்டத் தொழில் தொடங்கியது. அது முதல் பட்டணத்து அடுக்களைகளுக்குத் தண்ணீர்ச் சாடியும் தேநீர்க் கெண்டியும் செய்து அனுப்பி வந்த ஊர் இது. கலைஞரென்று பெயர் படைத்தவர் எவரும் அந்நாளில் இங்கே இல்லை; இருந்தவர் யாவரும் குயவர்களே.

இவ்வூரைத் தேடி ஷோஜி ஹமாதா வந்ததுதான் விந்தை. 1894-ல் பிறந்த அவர், டோக்கியோவில் உயர்தரத் தொழிற்கல்வி பெற்றவர். கியோட்டோ பரிசோதனைச் சாலையில் மெருகுப் பூச்சுகளை ஆயிரக்கணக்கில் சோதித்தவர். 1920-ல் பெர்னார்ட் லீச் என்னும் ஆங்கிலேயக் குயவருடன் இங்கிலாந்து சென்று, செயின்ட் ஐவ்ஸ் கடற்கரையில் ஜப்பானிய முறைப்படி சூளை கட்டினார். 1923-ல் லண்டனில் தம் கலங்களைக் காட்சிக்கு வைத்தார். இத்தனைக்கும் பிறகு தாய்நாடு திரும்பியவர் தலைநகரில் தங்காமல் இந்தக் கிராமத்தில் குடியேறினார். பட்டம் பெற்ற நம் போன்றோர் இவ்விடத்தில் சற்றே நின்று யோசிக்க வேண்டும். கிராமத்தாருக்கு உபதேசம் செய்யவா போனார்? இல்லை, கற்றுக்கொள்ளப் போனார். ஊர் மண்ணையே பிசைந்தார். ஊர்க் கல்லைப் பொடித்து மெருகு கூட்டினார். கோல்கொண்டு சுழற்றும் கைச்சக்கரத்தின் முன் சம்மணமிட்டு அமர்ந்தார்.

ஓகினாவாத் தீவில் கண்ட கரும்பை ஒருநாள் தூரிகையால் தீட்டினார். பிறகு அதே கரும்பைப் பல்லாண்டுகள் தீட்டிக்கொண்டே இருந்தார். வேறு சித்திரம் வராமலா? ஒவ்வொரு முறையும் கையின் வீச்சு சிறிதே மாறியது. அந்த மாறுதல்தான் அவருக்கு வேண்டியிருந்தது. பெரிய தட்டின் மேல் அகப்பையால் மெருகை வீசி ஊற்றுவதற்கு அவருக்குப் பதினைந்து விநாடி போதும். இவ்வளவு விரைவில் முடிகிற வேலையா என்று ஒருவர் வியந்தபோது, அந்தப் பதினைந்து விநாடியுடன் அறுபது வருஷத்தையும் சேர்த்துக்கொள்ளும்படி சொன்னாராம்.

மாஷிகோவில் செய்த கலங்களில் அவர் தம் முத்திரையை இடவில்லை. விடைத்தாளில் பெயர் எழுத மறந்த மாணவனைப் பலமுறை கடிந்துகொண்ட நமக்கு இது உறைத்தது. ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. கலத்தை வைக்கும் மரப்பெட்டியின் மேல், ஜப்பானிய வழக்கப்படி, கையெழுத்திட்டார். பெட்டி தொலைந்தால் பெயரும் தொலையும். கலம் தன் அழகாலேயே பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

1955-ல் அரசாங்கம் அவரைத் தேசத்தின் உயிருள்ள பொக்கிஷமாகக் கௌரவித்தது. 1977-ல் அவருடைய இல்லமே பொருட்காட்சிச் சாலையாயிற்று. கூரை வேய்ந்த அந்தப் பண்ணை வீடுகளில் நாம் கண்டவற்றில் அவர் செய்தவை கொஞ்சமே. கொரியக் கலங்களும் இங்கிலாந்து நாற்காலிகளும், பெயர் தெரியாத எத்தனையோ கைகள் செய்த பொருள்களும்தான் மிகுதி. அவர் யாரிடம் கற்றார் என்பது அங்கே விளங்கிற்று.

1978-ல் ஹமாதா காலமானார். மேட்டுச் சரிவில் அறை அறையாய் ஏறும் அவருடைய சூளை 2011-ம் வருஷத்துப் பூகம்பத்தில் இடிந்தது. அதைப் பழுது பார்த்து, 2015-ல் மறுபடி தீ மூட்டினார்கள். அன்று அதில் அடுக்கப்பட்டவை பல குயவர்களின் கலங்கள்.