மலையேறும் வண்டிக்குப் பட்டை கட்டுதல்

கல்வராயன் மலையில் ஓடும் சரக்கு வண்டிகளில் முதலில் தளர்வது பின்பக்க ஸ்பிரிங் பட்டைதான். மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கு சேலம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகிறது. சிமென்ட்டும் கம்பியும் உரமும் வெள்ளிமலைக்கு ஏறுகின்றன. ஏற்றத்தில் பாரம் பின்னச்சுக்குச் சாய்கிறது. ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கத்துப் பட்டை கூடுதலாக அமுங்குகிறது. சமவெளியில் பல வருஷம் தாங்கும் பட்டைக் கட்டு, மலையில் சீக்கிரமே படுத்துவிடும்.

பட்டறையில் வேலை ஜாக்கியில் தொடங்குகிறது. சேஸிஸைத் தூக்கி, மரக்கட்டை கொடுத்து, யூ போல்ட்டுகளைக் கழற்றிப் பட்டைக் கட்டை வெளியே எடுக்கிறார்கள். அதை வைஸில் இறுக்கிய பிறகே சென்டர் போல்ட்டைத் தொடலாம். வைஸ் இல்லாமல் திறந்தால் அமுங்கியிருக்கும் பட்டைகள் துள்ளிக் கையை அடித்துவிடும். பிரித்த பட்டைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். உடைந்த வாயில் ஒரு பகுதி பழுப்பாகத் துருவேறியும் மறுபகுதி புதுச் சாம்பல் நிறத்திலும் இருந்தால், விரிசல் பழையது, கடைசி ஓட்டத்தில்தான் முழுதாகப் போயிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் சென்டர் போல்ட் துளையை ஒட்டியே உடையும். வளைவின் அழுத்தம் நடுவில் அதிகம். துளை அந்த இடத்தை மேலும் பலவீனமாக்குகிறது.

பலப்படுத்த வழி இரண்டு. ஒன்று, அதே தடிமனில் ஒரு பட்டை கூட்டுவது: நான்கு ஐந்தானால் விறைப்பு சுமார் கால் பங்கு ஏறும். மற்றது, தடிமனான பட்டை போடுவது. விறைப்பு தடிமனின் மும்மடியில் ஏறுவதால், இரு மடங்கு தடித்த ஒரே பட்டை எட்டுப் பட்டையின் விறைப்பைத் தரும். முதல் வழியே நல்லது. படுத்த பட்டையைக் கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி வளைப்பது கெட்ட வேலை. எஃகுக்குக் கொடுத்த பதம் அந்த இடத்தில் போய்விடும். புதுக்கட்டு போட்டு, பாரத்தோடு சில நாள் ஓடியபின் யூ போல்ட்டை மறுபடி முறுக்கியாக வேண்டும். தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகரும். வண்டி கோணலாக ஓடும்.

ஓர் உறுப்பை இறுக்கினால் அடி அடுத்த உறுப்புக்குப் போகும். பட்டை விறைத்தால் குலுக்கலைச் சேஸிஸும் ஷேக்கிள் புஷ்ஷும் வாங்கிக்கொள்கின்றன. விறைப்பை நம்பிப் பாரத்தைக் கூட்டினால் வீல் பேரிங்கும் ஆக்சிலும் தேய்கின்றன. ரிமோட்டில் ஓடும் பத்தில் ஒரு பங்கு அளவு மாதிரி டிரக்குகளை வேகப்படுத்துவோரும் இதையே காண்கிறார்கள். 7.4 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரியை எடுத்துவிட்டு 11.1 வோல்ட் மாட்டினால், மற்றவை மாறாதபோது, மோட்டார் ஒன்றரை மடங்கு வேகமாகச் சுற்றும். வண்டியும் அந்த அளவு வேகமெடுத்தால் மோதலின் ஆற்றல் இரண்டே கால் மடங்கு. அதைத் தாங்க பிளாஸ்டிக் சஸ்பென்ஷன் கைக்குப் பதில் அலுமினியக் கை போட்டால், கை பிழைக்கும், அதைப் பிடித்திருக்கும் பின் ஊசியும் பல்க்ஹெட் என்ற தாங்கியும் உடையும். அதனால் அனுபவசாலிகள் மலிவான, எளிதில் மாற்றக்கூடிய உறுப்பையே வேண்டுமென்று மெல்லியதாக விடுகிறார்கள். மலை வண்டியிலும் அந்த இடம் பட்டைதான். ஆக்சிலைவிட முன்னால் பட்டை உடைவது வண்டிக்காரருக்கு நல்லது.

வேகத்தின் கணக்கு இறக்கத்தில் இன்னும் கடுமையானது. வேகம் இரட்டித்தால் பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. இதோடு இறங்கும் உயரத்தின் ஆற்றலும் சேர்கிறது. பிரேக் டிரம் சூடேறினால் லைனிங்கின் பிடி குறைகிறது. எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான்: இன்ஜினே வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது.

கூட்டிய பட்டை வண்டியின் பதிவுச் சான்றில் எழுதிய எடையைக் கூட்டாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 194-வது பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பின், அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. பட்டைக்குச் செலவழிக்க நினைக்கும் வண்டிக்காரர்கள் அதற்கு முன் பிரேக் லைனிங்கைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.