அப்பாவோடு அரை நாள்

அம்மாவோடு வெளியே போக நமக்கெல்லாம் ஆயிரம் சாக்கு உண்டு. புடவைக் கடை, பாத்திரக் கடை, வளைகாப்பு, பிரதோஷம்... ஆனால் அப்பாவோடு? கடைசியாக நீங்களும் அப்பாவும் மட்டுமாக எங்கே போனீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என் சிநேகிதிகள் சிலரைக் கேட்டேன். ஒருத்தி, "கண் ஆஸ்பத்திரிக்கு" என்றாள். இன்னொருத்தி, "பாங்குக்கு. பென்ஷனுக்காக உயிரோட இருக்கார்னு கையெழுத்துப் போட!" என்றாள். மூன்றாமவள் வெகுநேரம் யோசித்துவிட்டு, "காலேஜில் சேரப் போனப்போ கூட வந்தார்" என்றாள். அவளுக்கு இப்போது காலேஜ் போகிற பெண் இருக்கிறாள்!

நாங்கள் திருச்சிக்காரர்கள். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வயது 78. அம்மா போய் 3 வருஷமாகிறது. அண்ணன் வீட்டில் இருக்கிறார். அண்ணி தங்கமானவர், வேளாவேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, எதிலும் குறை கிடையாது. ஆனாலும் அம்மா போன பிறகு அப்பா பேச்சையே குறைத்துவிட்டார். நான் போனால், "வாம்மா... சாப்பிட்டியா? மாப்பிள்ளை சௌக்கியமா?" அவ்வளவுதான். பிறகு பேப்பர் எழும்பி முகத்தை மறைத்துவிடும். எதிரே உட்கார்ந்து நானும் எத்தனை நேரம் பேப்பரின் பின்பக்கத்தையே படிப்பது?

அந்தத் தலைமுறை ஆண்களை எதிரே உட்கார வைத்து, "மனசுல என்னப்பா?" என்று கேட்டால் ஒன்றும் வராது. கூடவே நடக்க வேண்டும். கண்ணுக்கு முன்னால் அவர்களுக்குப் பரிச்சயமான பொருள் ஏதாவது இருக்க வேண்டும். அப்போது பேச்சு தானாக வரும். இதை நான் தெரிந்துகொண்டது மாதம் 2 ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வெளியே அழைத்துப் போக ஆரம்பித்த பிறகுதான். காசி, ராமேஸ்வரம் எல்லாம் இல்லை. அரை நாள், ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேருகிற தூரம், அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த இடம். இந்த மூன்றும்தான் என் கணக்கு.

முதலில் போனது பொன்மலைச் சந்தைக்கு. ஞாயிற்றுக்கிழமை கூடுகிற சந்தை. சந்தைக்கு யாராவது உல்லாசப் பயணம் போவார்களா என்று நீங்கள் சிரிக்கலாம். அப்பா வேலையில் இருந்த நாளெல்லாம் வாராவாரம் பையோடு போய் வந்த இடம் அது. "எனக்கு நல்ல கத்தரிக்காய் பார்த்து வாங்கத் தெரியலைப்பா, வந்து சொல்லிக் கொடுங்க" என்றேன். பேப்பர் கீழே இறங்கியது! காம்பைப் பார், பாவாடை பச்சையாக ஒட்டிக்கொண்டிருக்கிறதா பார், கையில் எடுத்தால் கனமாக இல்லாமல் இருந்தால் விதை முற்றவில்லை என்று ஒரு கத்தரிக்காய்க்குப் பத்து நிமிஷம் பாடம். பழைய சிநேகிதர் ஒருவரும் அங்கே தென்பட்டுவிட்டார். இரண்டு பேரும் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பேசின பேச்சில், கீரை வாடுகிறதே என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

அடுத்து, ஜங்ஷன் பக்கம் இருக்கிற ரயில்வே அருங்காட்சியகம். 2014ல் திறந்தது. பழைய கடிகாரங்கள், கை விளக்குகள், சிக்னல் சாதனங்கள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். என் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப் போனேன். அப்பா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றார். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடாமல் இருக்க, 'டோக்கன்' என்று ஒன்று உண்டாம். அது கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை எடுக்கக் கூடாது. பெரிய வளையத்தில் டோக்கனை மாட்டி, நிற்காமல் போகிற வண்டியிலிருந்து கையால் வாங்கி, கையால் கொடுப்பார்கள் என்று அப்பா கையை நீட்டிக் காட்டினார். செல்போனைவிட்டு நிமிராத என் பையன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

பொன்மலை ஒர்க்‌ஷாப் 1920களின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்ததையும், ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் இங்கேயே செய்ததையும் அன்றைக்குத்தான் பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்பு. எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் மலை ஏறுகிறது. "தாத்தா, நீங்க எஞ்சினியரா?" என்று பெண் கேட்டாள். "இல்லடா கண்ணு, எஞ்சினியருக்குத் தப்புன்னா சொல்ற ஃபிட்டர்" என்றாரே பார்க்கணும்! அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாகியிருந்தது!

பிள்ளைகளை அழைத்துப் போவது நல்லதுதான். ஆனால் ஒரு தடவையாவது நீங்களும் அப்பாவும் மட்டும் போய் வாருங்கள். நாங்கள் அப்படிப் போனது முக்கொம்புக்கு.

சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து டவுன் பஸ். எனக்கு மகளிர் இலவசப் பயணச் சீட்டு, அப்பாவுக்குக் காசு கொடுத்து டிக்கெட். "காலம் பூரா உனக்கு நான் டிக்கெட் எடுத்தேன், இன்னைக்கு எனக்கு மட்டும்தானா?" என்று கண்டக்டர் காதுபடக் கேலி செய்துகொண்டே வந்தார்.

முக்கொம்பு ஊரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். அகன்று வருகிற காவிரி இங்கேதான் காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் தாழ்வாக இருப்பதால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே ஓடி, காவிரியில் மணல் மேடிட்டு, தஞ்சை வயல்கள் காய்ந்துகொண்டிருந்தன. அதைத் தடுக்கத்தான் 1836ல் ஆர்தர் காட்டன் துரை கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போனதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். பிறகு பக்கத்திலேயே புதிய கதவணை கட்டியிருக்கிறார்கள்.

பூங்காவில் மர நிழலில் உட்கார்ந்து, கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டோம். மிளகாய்ப்பொடி தடவி, நல்லெண்ணெய் விட்டு, வாழையிலையில் கட்டினது. அம்மா கட்டுகிற மாதிரி. அப்பா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

1974 மே மாதம் நாடு பூராவும் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்ததல்லவா? மே 8ல் ஆரம்பித்து 20 நாள். அப்பாவுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சம்பளம் கிடையாது. வேலை இருக்குமோ போகுமோ, குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார்களோ என்று ஊரெல்லாம் பேச்சு. "உங்கம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல. கையில கிடந்த ரெண்டு வளையலையும் கழட்டிட்டுப் போயி அடகு வச்சு, அரிசி பருப்பு வாங்கிப் போட்டுட்டா. வெறுங்கையப் பாத்து யாரும் கேட்டுடக் கூடாதுன்னு கண்ணாடி வளையல் அடுக்கிக்கிட்டா. அதை மீட்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. கடைசி வரைக்கும் அவ ஒரு தரம் சொல்லிக் காட்டினதில்ல." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நானும் அவகிட்ட ஒரு தரம் நல்லதா ஒண்ணு சொன்னதில்லம்மா."

நான் பதில் சொல்லவில்லை. ஆறுதல் சொல்லும் சமயம் இல்லை அது. ப்ளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றிக் கொடுத்தேன், குடித்தார். அந்த வளையல்கள் எனக்குத் தெரியும். என் கல்யாணத்தில் என் கையில் போட்டவை அவைதான். அவற்றுக்கு இப்படி ஒரு கதை உண்டு என்பது, அந்த மரத்தடியில் உட்காராமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அதற்குப் பிறகு கல்லணைக்குப் போய் வந்தோம். கரிகாலன் கட்டிய அணை. சுமார் 329 மீட்டர் நீளம். மேட்டூரைத் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்த பிறகு போனால் பார்க்க அழகு. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிந்து போவதை ஒரே இடத்தில் நின்று காட்டலாம். மலைக்கோட்டைக்கும் போனோம், ஆனால் ஏறவில்லை. முழங்கால் வலிக்காரரை உச்சிப்பிள்ளையார் வரை ஏற்றுவானேன்? அடிவாரத்தில் மாணிக்க விநாயகருக்கு ஒரு கும்பிடு, தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு நடை, ஓட்டலில் ஒரு காப்பி. "மேல இருக்கிறவரும் இவரும் ஒருத்தர்தானே!" என்று அப்பாவே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சகோதரிகளே, கிளம்புமுன் சில விஷயங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

காலை 7 மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறுமுன் வீடு திரும்புங்கள். அல்லது 4 மணிக்கு மேல் புறப்படுங்கள்.

கழிப்பிடம் எங்கே இருக்கிறது என்று போனவுடன் பார்த்து வையுங்கள். வயதான ஆண்களுக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். பெண்ணிடம் சொல்லக் கூச்சப்பட்டு, தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். வெயிலில் அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். "நான் இங்கே நிக்கிறேன், போயிட்டு வாங்க" என்று நீங்களே சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவராக இருந்தால் சாப்பாட்டு நேரம் தள்ளக் கூடாது. கை நடுக்கம், திடீர் வியர்வை, தடுமாற்றம் தெரிந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுங்கள். கைப்பையில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். மாத்திரைச் சீட்டின் நகலும் இருக்கட்டும். பிரயாணத்துக்காக எந்த மாத்திரையையும் நாமாக நிறுத்த வேண்டாம்.

உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். மெல்ல எழச் சொல்லுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம், பின்வார் வைத்த செருப்பு நல்லது. நடக்கையில் நெஞ்சை அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் 'வாயு' என்று சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று: காப்பிக்கு அப்பாவே காசு கொடுக்கட்டும். தடுக்காதீர்கள். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து மகளுக்கு வாங்கிக் கொடுப்பதில் அவருக்கு இருக்கிற கம்பீரம் எந்த டானிக்கிலும் வராது. கிளம்புமுன் அண்ணியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்த அரை நாள் அவருக்கும் ஓய்வுதானே!

திருச்சியில் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். உங்கள் அப்பா வாத்தியாராக இருந்தால் அவர் பாடம் நடத்தின பள்ளிக்கூடம். விவசாயி என்றால் பக்கத்து ஏரிக்கரை. மில்லில் இருந்தவர் என்றால் மில் வாசல் டீக்கடை. அதிகம் நடக்க முடியாதவர் என்றால் பிளாட்பார டிக்கெட் வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வண்டி பார்க்கலாம். அவர் சொல்ல நாம் கேட்க வேண்டும். அப்படி எந்த இடமானாலும் சரி.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு அப்பாவே போன் செய்தார். தானாக எனக்குப் போன் செய்கிற வழக்கமே இல்லாதவர். "நாளைக்கு உனக்கு வேலை இருக்கா? ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போயிட்டு வரலாமான்னு பாத்தேன். உங்கம்மாவும் நானும் ஆடிப் பதினெட்டுக்குப் போற இடம்" என்றார். காலையில் 6 மணிக்கே இட்லிக்கு அடுப்பை மூட்டிவிட்டேன்.