அப்பாவின் ஆங்கிள் கேஜும் சித்திரை நட்சத்திரமும்

டைல்ஸ் ஒட்டுபவர்கள், கிரில் பட்டறைக்காரர்கள் கையில் ஒரு சின்னச் சதுரப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அடியில் காந்தம், முகத்தில் ஒளிரும் எண்கள். எதன்மேல் வைத்தாலும், அது எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று 0.1 வரை சொல்லிவிடும். டிஜிட்டல் ஆங்கிள் கேஜ். பாத்ரூம் தரைக்குத் தண்ணீர் வாட்டம் பார்க்க அப்பா வாங்கியது. இப்போது அது எங்கள் திருப்பத்தூர் வீட்டு மொட்டை மாடியில், என் டெலஸ்கோப்பின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்பாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. 'இனி குந்தி உட்காரவே கூடாது' என்று டாக்டர் சொன்ன அன்று, டைல்ஸ் வேலையும் முடிந்தது. ரசமட்டம், கட்டர், கேஜ் எல்லாம் சிமென்ட் சாக்கில் கட்டிப் பரண் மேல் போனது. அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. டி.வி-யில் எந்தச் சேனல் ஓடினாலும் சரி என்று உட்கார்ந்திருப்பார். வார லீவுக்குச் சென்னையிலிருந்து போகும்போதெல்லாம், அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, "நீயாவது ஏதாவது பேசிப் பாரு பாப்பா" என்பார்.

நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியது 6 இன்ச் டாப்சோனியன். மரப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும் பீரங்கி மாதிரி இருக்கும். மேலும் கீழும், இடமும் வலமும் கையால் தள்ள வேண்டும். குறிபார்க்க மேலே ஒரு குட்டிக் குழாய் உண்டு. அதில் கண் வைக்க முட்டியை மடக்கி, கழுத்தைத் திருகிக் குனிய வேண்டும். எனக்கே இடுப்பு பிடித்துக்கொள்ளும். அப்பாவுக்கு நடக்கிற காரியமே இல்லை. போதாததற்கு, ஊருக்குள் எல்.இ.டி தெருவிளக்கு வந்தபிறகு, வழிகாட்டும் சின்ன நட்சத்திரங்கள் பாதி காணோம்.

"டிகிரி தெரிஞ்சா போதும்னா, நம்மகிட்டதான் கேஜ் இருக்கே" என்றார் அப்பா ஒருநாள். பரண் சாக்கு இறங்கியது.

மே மாதம் நடுவில், இரவு 10 மணி வாக்கில் தெற்குப் பக்கம் திரும்பி நின்று, தலையை நன்றாக உயர்த்திப் பாருங்கள். வெள்ளையாகப் பளிச்சென்று தெரிவது சித்திரை நட்சத்திரம். ஜோசியக் கட்டத்தில் இருக்கும் அதே சித்திரைதான். ஆங்கிலத்தில் ஸ்பைகா. அதற்கு நேர் கீழே 36.3 டிகிரி இறங்கினால் ஒமேகா சென்டாரி. சுமார் 1 கோடி நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்ட கூட்டம். தூரம் ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு. லண்டனில் இருப்பவருக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நமக்கு 30 டிகிரி உயரத்தில் சௌகரியமாக நிற்கிறது. பக்கத்திலேயே ஜவ்வாது மலையில், காவலூரில் பெரிய டெலஸ்கோப்பை வைத்ததற்கு, இங்கிருந்து தென்வானம் இப்படித் தெரிவதும் ஒரு காரணம்.

வேலை இவ்வளவுதான். சித்திரையை நடுவில் கொண்டுவந்து, கேஜில் ஜீரோ பட்டனை அமுக்க வேண்டும். பிறகு இடம் வலம் அசையாமல் குழாயை 36.3 வரும்வரை இறக்க வேண்டும். என் 25 மில்லிமீட்டர் ஐபீஸில் தெரிவது ஒரு டிகிரி அகல வானம், அதாவது இரண்டு நிலா அகலம். கேஜ் 0.2 பிசகினாலும் தப்பிக்காது. நேரம்தான் முக்கியம். கிழக்கே ஏறிக்கொண்டிருக்கும் நட்சத்திரம் நாலு நிமிடத்தில் கிட்டத்தட்ட ஒரு டிகிரி உயர்ந்துவிடும், ஆப்பில் பார்த்த எண் பழசாகிவிடும். தெற்கு உச்சியில் இருக்கும்போது கொஞ்ச நேரம் உயரம் மாறாது. ஆகவே சித்திரை நேர் தெற்கே வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அப்பா காத்திருக்கவில்லை. ரசமட்டத்தை டெலஸ்கோப்பின் அடிப்பலகையில் வைத்துவிட்டு, "மாடி வாட்டம் வடக்கே இறங்குது. இது சாஞ்சிருந்தா, நீ நேரா இறக்கறதா நெனச்சாலும் கோணலாத்தான் போகும்" என்றார். நியாயம்தான். நான் படித்த எந்தக் குறிப்பும் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லவில்லை. உடைந்த டைல்ஸ் துண்டுகளை நான் ஒவ்வொன்றாகச் செருக, குமிழி நடுவுக்கு வரும்வரை விடவில்லை. "இன்னும் ஒரு நூல் தூக்கு... போதும், கைய எடு." அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அம்மா மாடிப்படியில் வந்து நின்றுகொண்டார்.

பிறகு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, எண்ணைப் பார்த்தபடி அவரே இறக்கினார். 35... 36... 36.3. குனியாமல், முட்டி மடக்காமல் ஐபீஸில் கண் வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

"ரவை கொட்டின மாதிரி இருக்கு."

எனக்கு வெறும் மங்கலான பஞ்சாகத்தான் முதலில் தெரிந்தது. கண் பழகியபிறகுதான் ஓரங்களில் புள்ளி புள்ளியாகப் பிரிந்தது. அவருக்கு எப்படி முதலிலேயே ரவை தெரிந்தது என்று கேட்டேன். டைல்ஸில் மயிரிழை விரிசல் பார்த்த கண்ணாம்.

சதுர அடிக் கணக்கு எழுதும் பழைய நோட்டில், 'சித்திரை, 36.3 கீழே' என்று குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் போனில், "கேட்டைக்கு எத்தனை டிகிரி பாப்பா?" என்றார். கேட்டைக்கு மேற்கே ஒன்றேகால் டிகிரி தள்ளினாலே எம் 4 என்ற இன்னொரு கூட்டம் வந்துவிடும், அதற்குக் கேஜ் தேவைப்படாது என்றேன்.

"தேவைப்படாதா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பரவால்ல, மாட்டியே வைப்போம்."