80 செக்கனில் ஒரு சுற்று

2019 ஜூன் 17ஆம் திகதி இராவணா-1 விண்வெளியில் விடப்பட்டபோது நாங்கள் மூன்று பேரும் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தோம். கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டம். பௌதிகவியலுக்கு டீச்சர் இல்லாமலே ரெண்டு தவணை போயிருந்தது. பழைய வினாத்தாள்களும் ஒரு அண்ணாவின் கொப்பியும்தான் துணை.

ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் இலங்கைப் பொறியியலாளர்கள் செய்த, கைக்குள் அடங்குகிற செய்மதி அது. சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து, சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் விட்டார்கள். அதன் கதியைக் கணக்குப் போட்டுப் பார்க்க எங்களுக்கு ஆசை.

சூத்திரம் மனப்பாடம். ஈர்ப்பு விசைதான் மையநாட்ட விசை. ரெண்டையும் சமப்படுத்தினால் செய்மதியின் திணிவு வெட்டுப்பட்டுப் போகும். ஈர்ப்பு மாறிலியைப் பூமியின் திணிவால் பெருக்கி, ஆரையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் கதி. ஆரைக்கு 400 கிலோமீற்றரைப் போட்டோம். மடக்கை அட்டவணையைப் புரட்டினால் செக்கனுக்கு 31.6 கிலோமீற்றர் வந்தது. அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு 80 செக்கன். திருத்த ஆளில்லை. நாங்களே சரி போட்டுக்கொண்டோம்.

பிறகு ஒருநாள் விடியற்காலை, பால் வெட்டப் போகிற அம்மாமாரோடு ரோட்டில் நின்றோம். இராவணா-1 கண்ணுக்குத் தெரியாது, நிலையம் தெரியும். சிமிட்டாத வெள்ளை வெளிச்சமாக அது தலைக்கு மேலால் போனது. ஃபோனில் நேரம் பார்த்தோம். வானத்தைக் கடக்கவே ஏறக்குறைய 5 நிமிஷம். உலகத்தையே 80 செக்கனில் சுத்துற சாமானுக்கு எங்க தோட்டத்து வானத்தைக் கடக்க 5 நிமிஷமா?

"இம்புட்டு உயரத்துல போகுதே, விழுந்துறாதா?" என்று எங்களில் ஒருவனின் அம்மா கேட்டார். அதற்கும் பதில் தெரியவில்லை.

அன்று பின்னேரம் பிழை பிடிபட்டது. ஆரை என்பது நிலத்திலிருந்து உள்ள உயரம் இல்லை, பூமியின் மையத்திலிருந்து உள்ள தூரம். 6371உடன் 400 சேர்த்தால் 6771 கிலோமீற்றர். இப்போது கதி செக்கனுக்கு 7.67 கிலோமீற்றர், ஒரு சுற்றுக்கு 92 நிமிஷம். கதியின் வர்க்கத்தை ஆரையால் வகுத்தால் ஆர்முடுகல் 8.7. நிலத்தில் 9.8. 'அங்கே ஈர்ப்பே இல்லை' என்று நாங்கள் நம்பியிருந்ததும் பிழை.

அம்மாவிடம் போய்ச் சொன்னோம்: "விழுந்துக்கிட்டேதாம்மா இருக்கு." ஒரு செக்கனில் அது 4.3 மீற்றர் விழுகிறது. அதே செக்கனில் 7.67 கிலோமீற்றர் முன்னே போய்விடுகிறது. அந்தத் தூரத்துக்குள் உருண்டைப் பூமியும் 4.3 மீற்றர் கீழே வளைந்துவிடுகிறது. அதனால் உயரம் அப்படியே நிற்கிறது.

வானத்தில் தெரிகிற கணக்கு என்பதால் இந்தப் பிழை பிடிபட்டது. அந்தக் கொப்பியில் நாங்களே சரி போட்ட மற்றக் கணக்குகளில் எத்தனை பிழையோ! ஒரு டீச்சர் ரெண்டு நிமிஷத்தில் திருத்தியிருப்பார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி தங்கச்சிகளுக்கு இதே கணக்கைக் கொடுக்கிறோம். 80 செக்கன் என்று கொண்டுவருகிறவர்களுக்கு உடனே பிழை போடுவதில்லை. நிலையம் அடுத்து வருகிற நேரத்தைச் சொல்லி, ரோட்டுக்கு வரச் சொல்கிறோம்.